நாலு கலர் கவுன்சிலரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

குழாய்க்காரர் வீட்டு இரும்புக் கேட்டில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறது. கொஞ்சம் குனிந்து பார்த்தால் அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதையும் அங்கேயே படித்துவிடலாம். மேலே சாம்பல். அதற்குக் கீழே சிவப்பு, பிறகு பச்சை, பிறகு மஞ்சள், அடியில் நீலம். இன்னும் சுரண்டினால் துருதான் வரும். சாம்பல் எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். அது அவர் வீட்டுக்காரி தன் கையாலேயே பூசியது.

ஊரில் அவருக்கு ‘நாலு கலர்’ என்று பேர். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேறு யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இவர் “சொல்லுங்க” என்று திரும்பிப் பார்ப்பார். இருபது வருஷம் கவுன்சிலராக இருந்தும் தோல் தடிக்கவில்லை, சிரிப்பு மட்டும் தடித்துவிட்டது என்பாள் வீட்டுக்காரி.

அவர் அரசியலுக்கு வந்ததே ஒரு சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான். ஆனால் அதற்கு முன்னால் சந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சந்தையில் அறுபது பெண்கள் கடை வைத்திருந்தார்கள். காய், கீரை, மீன், வெங்காயம், பாத்திரம். காலை ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் பகல் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். மீன் கடைகளுக்குப் பின்னால் ஆண்களுக்கு ஒரு சுவர் இருந்தது. பெண்களுக்கு அதுவும் கிடையாது. அதனால் சந்தைக்குப் புதிதாகக் கடை போட வருகிற பெண்ணுக்கு மற்றவர்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் தராசு பிடிப்பதல்ல. காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான். நாக்கு வறண்டால் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள், வெயில் ஏறினால் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள், குடிக்க மட்டும் குடிக்காதே. இப்படி ஒரு பாடத்தை அறுபது பெண்களும் மனப்பாடமாக வைத்திருந்த ஊரில், நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் அலங்கார நீரூற்று ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

குழாய்க்காரரின் வீட்டுக்காரிக்கு அங்கே பதினான்காம் நம்பர் கடை. வெங்காயமும் உருளைக்கிழங்கும். ‘வெங்காயக்காரம்மா’ என்றால் சந்தைக்கே தெரியும், குரல் அப்படி. ஒரு நாள் அந்தக் குரல் பாதியில் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் கல் என்றார்.

“காலையில இருந்தே நல்லா தண்ணி குடிக்கணும்மா. ஒரு நாளைக்கு மூணு லிட்டர். மத்தியானத்துக்குள்ள பாதி போயிடணும்.”

வலியோடு வலியாக அவள் சிரித்தாள். “டாக்டர், ஒரு நாள் நீங்க வந்து என் கடையில உக்காருங்க. மூணு லிட்டர் நானே வாங்கித் தரேன். குடிச்சிட்டு எங்க போறீங்கன்னு நானும் பாக்கறேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். குழாய்க்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷமாக அந்தக் கை ஊரிலுள்ள எத்தனை வீடுகளுக்கு, எத்தனை ஓட்டல்களுக்கு, எத்தனை அலுவலகங்களுக்குக் கழிப்பறை போட்டிருக்கிறது! அந்த நீரூற்றுக்குக் குழாய் போட்டதும் அதே கைதான். தன் வீட்டுக்காரி ஒன்பது மணி நேரம் எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் முதுகே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. அன்றைக்கே ஒரு மனு எழுதினார்.

மனுவோடு நீலக் கட்சியின் வயதான கவுன்சிலர் வீட்டுக்குப் போனபோது, அங்கே சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் குழாயைப் பார்த்தார். சிங்க்குக்கு அடியில் படுத்தபடியே சந்தை விஷயத்தையும் சொல்லி முடித்தார். மேலேயிருந்து கிழவரின் குரல் வந்தது.

“எனக்கு முட்டி போயிடுச்சுய்யா. இந்தத் தடவை நான் நிக்கலை. நீயே நில்லேன்.”

எழுந்த வேகத்தில் குழாய்க்காரரின் தலை சிங்க்கில் இடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தேர்தல்தோறும் அதைக் காட்டிச் சிரிப்பார்.

பிரச்சாரம் அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. வார்டில் எல்லார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் போய் வந்த ஒரே வேட்பாளர் அவர்தான். “உங்க சிங்க்குக்கு அடியில என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பாத்துப் போடுங்க” என்பார். கொல்லென்று சிரித்துவிட்டுப் போட்டார்கள். நீல கேட், நீலக் கொடி, ஸ்கூட்டரில் நீல ரிப்பன். முதல் கூட்டத்திலேயே சந்தைக் கழிப்பறைக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். கைதட்டி நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நகராட்சிப் பொறியாளர் ஒரே பதிலைச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதை மேசையெல்லாம் தேடுகிற மனிதர் அவர்.

“பரிசீலனையில இருக்கு சார்.”

நீலக் கட்சித் தலைவரைக் கேட்டால், “பொறு பொறு” என்பார். பொறுத்தார் பூமி ஆள்வாராம். பூமியை யார் கேட்டார்கள், ஆறடிக்கு எட்டடியில் ஒரு அறை கேட்டார் மனிதர். ஐந்தாம் வருஷக் கடைசியில் மஞ்சள் கட்சி ஆள் வந்தார். “எங்க பக்கம் வாங்க. ஜெயிச்ச ஆறே மாசத்துல கட்டிக் காட்டறோம்.” குழாய்க்காரர் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்துவிட்டு மஞ்சள் பெயின்ட் வாங்கினார்.

ஊரின் அரசியல் மேடை நகராட்சி மண்டபம் அல்ல, முடி வெட்டுகிறவர் கடைதான். மூன்று நாற்காலி, ஒரு ரேடியோ, மூலையில் பழைய பத்திரிகைக் குவியல். குழாய்க்காரர் போய் உட்கார்ந்ததும் முடிக்காரர் துண்டை உதறிப் போர்த்திவிட்டுப் பணிவாகக் கேட்டார்.

“வகிடு எந்தப் பக்கம்ணே? போன மாசம் இடது பக்கம் எடுத்தேன். இப்ப மாத்தணுமா?”

கடை முழுக்கச் சிரிப்பு. குழாய்க்காரரும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்பா, ஒரு குழாய்ல தண்ணி வரலைன்னா நீ என்ன செய்வே? அது முன்னாடியே வாளிய வெச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் உக்காருவியா? அடுத்த குழாயத் தொறந்து பாக்க மாட்டே?”

“அது சரிண்ணே. ஆனா குழாய் மாத்தற ஆளு வாளிய மட்டும் தூக்கிட்டுப் போவான். நீங்க வீட்டு கேட்டையும்ல சேத்து மாத்தறீங்க!”

குழாய்க்காரர் கிருதாவைச் சரியாக எடுக்கச் சொன்னார்.

மஞ்சள் கட்சி ஜெயித்தது, இவரும் ஜெயித்தார். சொன்னபடியே கட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் என்றது நாலு வருஷம் ஆனது, அவ்வளவுதான். ஆனாலும் சந்தையின் கிழக்கு மூலையில் நான்கு அறைகள், வெள்ளை ஓடு, நீலக் கதவுகள், வாசலில் கல்வெட்டு. கதவு நீலமாக இருக்கிறதே என்று கட்சிக்குள் சண்டை வந்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மஞ்சள் அடித்தார்கள். தேர்தல் தேதி வரப்போகிற அவசரம். குழாய்க்காரர் ரெஞ்சை எடுத்துக்கொண்டு போனபோது, “விழா முடியட்டும், உள்ள பெயின்ட் காயல” என்று தடுத்துவிட்டார்கள்.

இங்கே அவருடைய தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய் பதித்ததும் யாரும் உடனே சுவரைப் பூசுவதில்லை. எல்லா வாய்களையும் அடைத்து, கைப் பம்பால் தண்ணீரை உள்ளே ஏற்றி, பம்பிலுள்ள அழுத்தமானியின் முள் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துவிட்டுப் போய்விட வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பார்க்கும்போது முள் அதே இடத்தில் நின்றால்தான் சுவரை மூடலாம். தண்ணி விட்டுப் பார்க்காமல் சுவரை மூடாதே. முப்பது வருஷத்தில் இந்த விதியை அவர் ஒரு தரம்கூட மீறியதில்லை.

திறப்பு விழாவில் மஞ்சள் பேட்ஜ் குத்திக்கொண்டு மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் ரிப்பன் வெட்டினார். இவர் எழுந்து நின்று கைதட்டினார். எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்.

கீழே பதினான்காம் நம்பர் கடையில் வெங்காயக்காரம்மா அன்று ஒரு காரியம் செய்திருந்தாள். காலை ஏழு மணிக்கே, சந்தையில் கடை வைத்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாள். அதற்கு மேல் இன்னொன்று. விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் முதல் ஆளாக உள்ளே போனாள். குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தெருவிலிருந்து குழாயே இழுக்கவில்லை, அது ‘அடுத்த கட்டப் பணி’. வெளியே வந்தவள் கணவர் முகத்தைப் பார்க்காமல், கடையைப் பக்கத்துக் கீரைக்காரியிடம் விட்டுவிட்டு வேகமாக நடந்தாள். அன்று அவள் எப்படிச் சமாளித்தாள் என்று சொல்லவில்லை. அவருக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

நான்கு நாள் பேச்சே கிடையாது. சோறு வரும், குழம்பு வரும், வார்த்தை வராது. ஐந்தாம் நாள் அவர் கெஞ்சினார். “கட்சி மாறினதுக்கா கோபம்? ஊரே சிரிக்குதுன்னா?”

“நீங்க பத்து கட்சி மாறுங்க, எனக்கென்ன” என்றாள் அவள். “தண்ணி விட்டுப் பாக்காம கைதட்டினீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல. மத்தவங்களுக்குத் தெரியாது. நீங்க குழாய்க்காரர்தானே?”

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மஞ்சள் கட்சியோடு அன்றே அவருக்கு ஒட்டு உறவு அறுந்தது.

பச்சைக் கட்சிக்குப் போனது மூன்றாவது தேர்தலில். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று இந்தத் தடவை அதிகம் யோசிக்கவில்லை. ஆனால் நாக்கு ஒன்று இருக்கிறதே, அது கட்சி மாற நாளாகும். பெரிய பொதுக்கூட்டத்தில் பச்சைத் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, தொண்டை கிழியப் பேசிவிட்டு முடிவில் கையை உயர்த்தி, “ஆகவே தாய்மார்களே, உங்கள் பொன்னான வாக்குகளை மஞ்சளுக்கே அளித்து…” என்றார். கீழே முன்வரிசையில் யாரோ, “அண்ணே, அது போன எபிசோடு!” என்று கத்தினார்கள். கூட்டம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. மறுநாள் முடிக்காரர் கடையில் அவருக்கு முடி வெட்டவே முடியவில்லை. முடிக்காரர் சிரித்துச் சிரித்துக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பிலேயே ஜெயித்துவிட்டார், நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில். பச்சைக் கட்சி நகராட்சித் தலைவர் பதவியைப் பிடித்ததும் செய்த முதல் வேலை, தண்ணீர் இல்லாத கழிப்பறையை வீணாக விட்டுவைப்பானேன் என்று அதில் நகராட்சியின் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியது. குழாய்க்காரர் நாலு வருஷம் சண்டை போட்டுவிட்டுச் சிவப்புக் கட்சிக்குப் போனார். அந்தச் சபையில் சிவப்புக் கட்சிக்கு வேறு உறுப்பினரே இல்லை. ஆக, தலைவரும் அவரே, கொறடாவும் அவரே, வெளிநடப்பு செய்தால் மொத்தக் கட்சியும் வெளிநடப்பு. பதினோரு மாதம் அப்படி வெளிநடப்பு செய்து செய்து நன்றாக நடந்தார், உடம்பு இளைத்தது. கழிப்பறைக்குள் நாற்காலிகள் மட்டும் சௌக்கியமாக இருந்தன.

அந்த வருஷம்தான் வெங்காயக்காரம்மாவுக்கு மறுபடி வலி வந்தது. இந்தத் தடவை மூன்று நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் குழாய்க்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னும் ஒரு வருஷம் இப்படியே போச்சுன்னா ஒரு பக்கம் தாங்காது. ஒண்ணு கடைய விடச் சொல்லுங்க. இல்ல, தண்ணி குடிக்கச் சொல்லுங்க.”

கடையை விடுவதா? அவளிடம் அதைச் சொல்லிப் பார்த்தார். “என் கடைய எதுக்கு நான் விடணும்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?” என்றாள். படுக்கையில் இருந்தவள் குரல் அப்போதும் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, ஒரு டப்பா சாம்பல் பெயின்ட் வாங்கிவந்து கேட்டுக்கு அடித்தது.

“இனிமே இந்தக் கேட்டுக்குக் கட்சி கிடையாது. சொல்லிட்டேன்.”

கட்சிகளும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தன. யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றார். குழாய்ச் சின்னம் கேட்டார், அது அதே வார்டில் நின்ற ஒரு பல் டாக்டருக்குப் போய்விட்டது. இவருக்குக் கிடைத்தது இஸ்திரிப்பெட்டி. “சீப்பு கெடச்சிருந்தா நம்ம கடைக்கு விளம்பரமாயிருக்கும், விட்டுட்டீங்களே” என்று முடிக்காரர் அங்கலாய்த்தார். சந்தைப் பெண்கள் அறுபது பேரும் வீடு வீடாகப் போனார்கள். இஸ்திரிப்பெட்டி ஜெயித்தது.

ஓட்டு எண்ணி முடித்த அன்றுதான் கூத்தே ஆரம்பமானது. மொத்தம் இருபத்து மூன்று உறுப்பினர்கள். நீலமும் சிவப்பும் கூட்டுச் சேர்ந்து பதினொன்று. மஞ்சளும் பச்சையும் கூட்டுச் சேர்ந்து பதினொன்று. அவர் விட்டுவிட்டு வந்த நாலு கட்சிகளும் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு, நடுவில் மதில் மேல் பூனையாக அவரை உட்கார வைத்துவிட்டன. யார் பக்கம் அவர் கை தூக்குகிறாரோ அவர்களுக்குத்தான் நகராட்சித் தலைவர் பதவி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அப்படி ஊரே கொண்டாடியது.

துரோகி என்று போஸ்டர் ஒட்டியவர்கள் சாம்பல் கேட்டைத் திறந்துகொண்டு வரிசையாக வந்தார்கள். துணைத்தலைவர் பதவி என்றது ஒரு பக்கம். கட்டடக் குழுத் தலைவர் பதவி, கூடவே ஒரு கார் என்றது மறுபக்கம். குழாய்க்காரர் இரண்டு பக்கத்துக்கும் டீ கொடுத்து ஒரே வார்த்தையைச் சொன்னார்.

“எனக்குப் பதவி வேணாம். சந்தைக் கழிப்பறைக்குத் தண்ணி வரணும். நானே பம்பு வெச்சு ஒரு நாள் பாப்பேன். அதுக்கப்புறம் என் வீட்டுக்காரி கடையில உக்காந்து தண்ணி குடிச்சு, உள்ள போயி, வெளிய வந்து, சரின்னு சொல்லணும். அப்பதான் கை தூக்குவேன்.”

“வேலைய ஆரம்பிச்சிடறோம் தலைவரே. நீங்க முதல்ல கை தூக்கிடுங்க” என்றார்கள் இரண்டு பக்கமும்.

“தண்ணி விட்டுப் பாக்காம சுவர மூட மாட்டேன்.”

அதன் பிறகு நடந்ததை நகராட்சி வரலாற்றிலேயே யாரும் பார்த்ததில்லை. காலையில் நீலமும் சிவப்பும் பொறியாளர் மேசை முன்னால் நின்றன. மத்தியானம் மஞ்சளும் பச்சையும் நின்றன. மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட மனிதருக்கு அவகாசம் கொடுக்கவில்லை. பதினைந்து வருஷம் பரிசீலனையில் இருந்த குழாய் ஒன்பதே நாளில் தெருவைக் கடந்து சந்தைக்குள் வந்தது. உடைந்த நாற்காலிகளை இரண்டு கூட்டணிக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு வெளியே சுமந்தார்கள். தாழ்ப்பாள் இரண்டிரண்டாக வந்தது, கூட்டணிக்கு ஒன்றாக வாங்கிக் கொடுத்தார்கள். தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள் காலையில் குழாய்க்காரர் எல்லா வாய்களையும் அடைத்து, பம்பை அடித்து, முள் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தார். அன்று முழுவதும் இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த முள்ளுக்குக் காவல் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் எட்டு மணிக்குப் பார்த்தார். கோட்டின் மேலேயே நின்றது முள். அடைப்புகளை எடுத்துக் குழாய்களை மாட்டி, முதல் குழாயைத் திறந்தார். இருமிவிட்டு, சீறிவிட்டு, தண்ணீர் வந்தது. அவருக்குக் கண் கலங்கியது. முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு வாக்கெடுப்பு. மணி அடித்தால் மண்டபக் கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு வருகிறவரை உள்ளே விடக்கூடாது என்பது சபை விதி. சந்தை வாசலில் இரண்டு கார்கள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. பக்கத்துக்கு ஒரு உறுப்பினராக இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தபடி பதினான்காம் நம்பர் கடை முன்னால் நின்றார்கள்.

வெங்காயக்காரம்மா அசையவில்லை. பக்கத்தில் கீரைக்காரி, மீன்காரி, பாத்திரக்காரி என்று ஒவ்வொருத்தியாகப் போய்விட்டு முகமெல்லாம் பல்லாக வந்தார்கள். இவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ குடிக்கலையா?” என்றார் குழாய்க்காரர்.

“போன தடவை முதல் ஆளா போனேன். இந்தத் தடவை எல்லாரும் போயிட்டு வரட்டும். கடைசி ஆளுக்கும் தண்ணி வருதான்னு பாக்கணும்.”

ஒன்பதே காலுக்குக் கடைசிப் பெண்ணும் வந்து, “வருதுக்கா, நல்லா வருது” என்றாள். அப்போதுதான் வெங்காயக்காரம்மா கையை நீட்டினாள். குழாய்க்காரர் பெரிய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நிறுத்தாமல் குடித்தாள். இன்னொரு டம்ளர். அதையும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் நிறுக்க ஆரம்பித்தாள்.

“அம்மா, உள்ள போகலையா?” என்றார் நீலத்துக்காரர் பதற்றமாக.

“இப்பதானே குடிச்சேன்? உடனேயா வரும்? நீங்கல்லாம் வீட்ல தண்ணி குடிக்கறதில்லையா?”

நகராட்சியின் தலைவிதி அவள் வயிற்றுக்குள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதரை ஆனது. மஞ்சள்காரர் இளநீர் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். ஒன்பதே முக்கால். நீலத்துக்காரர் குழாய்க்காரரின் கையைப் பிடித்து இழுத்தார்.

“போயி கையத் தூக்கிட்டு வந்துடுங்க. அவங்க அப்புறமா போகட்டும். தண்ணிதான் வருதே!”

நியாயமான பேச்சுதான். தண்ணீர் வருவதை அவரே பார்த்துவிட்டார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஊரின் சாவி அவர் கையில் இருந்தது. போனால் ஏதாவது ஒரு பதவி, ஒரு கார், ஒரு மரியாதை. கால் ஒரு எட்டு எடுத்து வைத்தது. அப்போது அவள் தராசிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மேடையில் மூன்றாவது நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டிய தன் உருவம் அவருக்கு ஞாபகம் வந்தது. எடுத்த காலைப் பின்னால் வைத்தார்.

“இல்லீங்க. சொன்னா சொன்னதுதான்.”

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் எழுந்தாள். “கடையப் பாத்துக்கங்க” என்றாள். ஊரிலேயே அந்த நிமிஷத்தில் மிக உயர்ந்த விலை பேசப்பட்ட கை, அரைக் கிலோ வெங்காயம் நிறுத்துப் பையில் போட்டது. வாங்க வந்தவர் அழுகல் ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். கார்க்காரர்கள் இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு தங்கள் ஓட்டையாவது காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள்.

மண்டபத்தில் பதினொன்றுக்குப் பதினொன்று. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரைத் தலைவராக்கினார்கள். யார் என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை, ஊருக்கும் அவ்வளவாக முக்கியமாக இருக்கவில்லை. நாலு கட்சிகளும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே குரலில் குழாய்க்காரரைத் திட்டின. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு பழைய தொழிலுக்கே போனார். வாரம் ஒரு நாள் சந்தைக் கழிப்பறையின் குழாய்களைத் தானே பார்த்துவிட்டு வருவார். “வகிடு?” என்று முடிக்காரர் கேட்டால், “உச்சியில எடு” என்பார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலை, மண்டபத்தின் மணிச் சத்தம் சந்தை வரை கேட்டு ஓய்ந்து, பத்து நிமிஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். ஈரக் கையை உதறிக்கொண்டே அவசரமில்லாமல் நடந்து வந்தாள். சந்தைக்குள் அவள் அப்படி அவசரமில்லாமல் நடந்து அவர் பார்த்ததே இல்லை.

“தாழ்ப்பாள் நல்லா விழுது” என்றாள். “மணி என்ன?”

“பத்தாகிப் பத்து நிமிஷம்.”

“ஐயையோ! உங்க ஓட்டு?”

“போட்டாச்சு” என்றார் அவர், தராசைக் கீழே வைத்துவிட்டு.

சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத ஒன்று முகத்தில் வந்து போனது. பிறகு மூட்டை மேல் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, டம்ளரை எடுத்து நீட்டினாள்.

“இன்னொன்னு ஊத்துங்க” என்றாள்.